பூபதி தொட்டி வென்ற படலம்

வாழ்க பூபதி! போர்வெல் வண்டிகள் உறுமும் திருச்செங்கோட்டு நன்னகரில், அவ்வண்டிகளுக்கெல்லாம் வழிசொல்லும் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே நாள்முழுதும் இடுக்கி, ஒற்றை மின்விசிறியின் நேர்கீழ் வீற்றிருப்போன் வாழ்க! ஐந்தடி நான்கங்குல உயரத்தை ஐந்தரையடி என்று பெண் பார்க்கப் போன அன்று ஒரே ஒரு முறை மட்டும் பொய்யுரைத்த வாய்மையாளன், பதினாறடி இரும்பு அளவுநாடாவை இடுப்பில் செருகிய ஏந்தல், கிருத்திகா என்னும் ஒன்பதாம் மாதத்து நங்கையின் கொழுநன் வாழ்க! அவன் ஆண்மையும் அலைச்சலும் பாடப் புகுந்த நமக்கு, மூச்சு முட்டாமல் நெடுவாக்கியம் பேசும் நுரையீரலை எத்தெய்வம் அருளுமோ அத்தெய்வத்தின் திருவடிக்கு ஒரு கும்பிடு. கேட்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கதையில் தண்ணீர் நிறைய வருகிறது.

போருக்குக் காரணம் சொல்லாமல் போரைச் சொல்வது முறையன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் தொன்னெறிப்படி, கிருத்திகா காவிரிக்கரைக் குமாரபாளையத்தில், விசைத்தறிகள் வாரத்தில் ஆறு நாளும் வாய் ஓயாத தெருவில், தன் தாய் சௌந்திரத்தின் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழாம் மாதம் முதற்கொண்டு அவள் இடுப்பில் குடிகொண்ட வலி, எண்ணெய்க்கு அஞ்சாது, ஒத்தடத்துக்கு ஒதுங்காது, தலையணை மூன்றுக்கும் தலைவணங்காது, தண்ணீர் ஒன்றைக் கண்டால் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று. ஆற்றில் இடுப்பளவு நீரில் அமர்ந்தால்தான் அவள் முகம் பழைய முகமாகும். ஆகவே வெதுவெதுப்பான நீரிலேயே, தன் வீட்டுக் கூடத்திலேயே, தன் பிள்ளையைப் பெற்றெடுப்பது என்று அவள் முடிவு கட்டினாள். டாக்டரம்மா மூன்று முறை ஸ்கேன் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் வாசலில் கார் தயாராக நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் இருக்கும் மஞ்சுளா, பிரசவம் பார்ப்பதற்கென்றே படித்த நர்ஸ், கூடவே இருந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். தண்ணீர் நிரப்பி அவள் உள்ளே உட்காருவதற்கு ஒரு டப்பு மட்டும்தான் இல்லை.

மஞ்சுளா கூடத்தின் நடுவே நின்று, ஸ்கூட்டி சாவியைச் செங்கோலென நீட்டி, நாற்றிசையும் கேட்க ஆணையிட்டாள்.

“உக்காந்தா தண்ணி நெஞ்சு வரைக்கும் வரோணும். முட்டி போட்டாக் குத்தக் கூடாது. வலியில சாஞ்சு புடிச்சா ஓரம் தாங்கோணும். இதுவரைக்கும் யாரும் பொழங்காத புதுசா இருக்கோணும். வர்ற ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாப்பேன். சரியா இருந்தா ஊட்லயே வெச்சுக்கலாம். இல்லீன்னா பேச்சே கெடையாது, வலி வந்ததும் நேரா ஆஸ்பத்திரிதான்.”

கிருத்திகா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத கண்கள் அவை. பூபதிக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. “நான் கொண்டாரேன் கண்ணு” என்றான். சொன்ன பிறகுதான் எங்கிருந்து கொண்டுவருவது என்று யோசித்தான்.

முதற்கண் அவன் கைபேசியுள் புகுந்து கடல்கடந்தான். ஆங்கே, பிரசவத்துக்கென்றே பிறந்ததும், பஞ்சினும் மென்மையதும், பிடித்துத் தொங்கப் பிடியும் சாய்ந்து துயில முதுகும் உடையதுமாகிய சீமைத் தொட்டி ஒன்று, மேகவண்ண மேனியோடு மெல்லச் சுழன்று தன் எழிலெல்லாம் காட்டியது. விலை முப்பத்து நாலாயிரம். தன் பைக்கை விற்று, ஹெல்மெட்டையும் சேர்த்து விற்றாலும் அது வராது என்பதை உணர்ந்த கோமான், பெருமூச்செறிந்து, கட்டைவிரலால் அதை மேலே தள்ளிவிட்டான். வாடகைக்கு விடுகிறவர்கள் கோயம்புத்தூரில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்த ஒன்றையும் வேறு யாரோ அடுத்த மாதம் வரை பிடித்து வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மூண்டது போர். சங்ககிரி சாலையோரம் கிணற்று உறைகளும் கழிநீர் வளையங்களும் கோட்டை மதிலென அடுக்கிக் கிடந்த பட்டறைக்குள் நம் தலைவன் தனியனாய்ப் புகுந்தான். ஆங்கு, எருமை நான்கு ஒருங்கே முகம் புதைத்துப் பருகத்தக்க அகன்ற வாயும், எந்தப் புயலுக்கும் இமைக்காத அடியும், நான்கங்குலக் கனத்துச் சுவரும் உடைய சிமெண்டுத் தொட்டி ஒன்று வெயில்காய்ந்து கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். உள்ளே இறங்கிச் சம்மணமிட்டு, பிறகு முழங்காலிட்டு, மனைவிக்கு மஞ்சுளா கற்பித்த முறைப்படி மூக்கால் இழுத்து வாயால் விட்டு, கண்களை இறுக மூடி ஒரு பொய்வலியை வரவழைத்தான். பட்டறைக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏனுங் தம்பி, மாட்டுக்குத்தானுங்களே?”

“இல்லீங்க. ஊட்டுக்காரிக்குங்க.”

பட்டறைக்காரர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பூபதி எழுந்து நின்றபோது வலது முழங்காலில் தோல் இல்லை. தன் முழங்காலே இப்படியென்றால் அவள் முழங்கால் என்னாவது என்று தொட்டியைத் துறந்து வெளியேறினான்.

புதன்கிழமை அவன் சாயப்பட்டறை ஒன்றின்மேல் படையெடுத்தான். நூலுக்குச் சாயம் ஏற்றும் பைபர் தொட்டி, ஆழத்தில் குறைவில்லை, வழவழப்பில் குறைவில்லை, விலையிலும் பெரிதாகக் குறைசொல்ல ஒன்றுமில்லை. “கம்பெனியில இருந்து எறக்குன படியே கெடக்குதுங்க, ஒரு சொட்டுச் சாயம் படலீங்க” என்று உரிமையாளர் தம் குலதெய்வத்தை நான்கு முறை சாட்சிக்கு அழைத்தார். அடியில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஐயமறத் தெளிவோம் என்று அதில் இடதுகாலை வைத்த வேந்தன், வைத்த காலை எடுத்தபோது, அது கணுக்கால் வரை அந்திவானத்தையும் நாணச்செய்யும் மெஜந்தா நிறத்தில் ஒளிர்ந்தது. குலதெய்வம் ஒன்றும் சொல்லவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், தேங்காய் நார் என்னும் நால்வகைப் படையும் தொடர்ந்து தாக்கியும் அந்நிறம் ஓரங்குலமும் பின்வாங்கவில்லை. வியாழக்கிழமை ஆபீசுக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை நாமக்கல் சாலையில் மீன் வளர்ப்போர் விற்கும் தார்ப்பாய்த் தொட்டியைக் கண்டு களிகூர்ந்து, அதன் படத்தை மஞ்சுளாவுக்கு அனுப்பினான். கொள்ளளவு பத்தாயிரம் லிட்டர். “நாம பிரசவம் பாக்கறமா, தெப்பம் உடறமா?” என்று பதில் வந்தது. சனிக்கிழமை ஐந்து கடைகள் ஏறி இறங்கினான், ஐந்திலும் குளிக்கிற பக்கெட்டைக் காட்டினார்கள். அன்று மாலை கிருத்திகா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையைத் தானே மெல்ல அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பூபதி சோற்றுத் தட்டை விட்டு எழுந்து பைக்குக்குப் பெட்ரோல் போடப் போனான்.

ஞாயிறு புலர்ந்தது! கடைசி நாள்! செங்கதிரோன் சேர்வராயன் மலைக்குமேல் முழுதாய் எழுமுன்னே, பெட்ரோல் நிறைந்த தன் பெருங்குதிரையை உதைத்தெழுப்பி, சேலத்தை நோக்கிச் சீறிப்பாய்ந்தான் சிங்கநிகர் பூபதி. கடை கடையாய்ப் புகுந்து, காலை கழிந்து, உச்சிவெயில் ஏறி, ஏற்காடு சாலையில் அஸ்தம்பட்டி வந்தபோது, சிறுவர் விளையாட்டுப் பொருள் விற்கும் கடை ஒன்றின் வாயிலில் அது தோன்றியது. நீலமேனியும், மூன்றடுக்கு வளையமும், காற்றடைத்த மெத்தென்ற அடியும், பக்கமெங்கும் அணிவகுத்து நீந்தும் மஞ்சள் வாத்துகளும் கொண்ட, ஆள் இறங்கும் பெரிய ரப்பர்த் தொட்டி! காட்சிக்கு ஊதி வைத்திருந்த அதில் பூபதி அனுமதி கேளாமல் குதித்தான். உட்கார்ந்தான், ஓரம் நெஞ்சைத் தாண்டி நின்றது. முழங்காலிட்டான், புண்ணான வலது முழங்கால் கூட ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தை மார்போடு கட்டிப்பிடித்துத் தன் முழு எடையையும் சாய்த்தான், அது நசுங்கி, நிமிர்ந்து, அவனைத் தாங்கிற்று. வாத்துகளுக்கு நடுவே அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“பெட்டி பிரிக்காதது ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்குது” என்றார் கடைக்காரர் அர்த்தநாரி. “அதையும் இந்தம்மா இப்பத்தான் எடுத்து வெக்கச் சொன்னாங்க.”

அந்தோ! கல்லாவின் அருகே, பெட்டியின்மேல் வலக்கை ஊன்றி, இடக்கையில் கைப்பையைக் கேடயமெனத் தாங்கி, கூலிங்கிளாஸ் நெற்றியில் மின்ன நின்றாள் அமுதவல்லி என்னும் வீராங்கனை. யாருக்கு அந்தத் தொட்டி? அவள் பெற்ற மக்களுக்கா? இல்லை. வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும் அவள் வளர்ப்பு நாய்க்கு. இருவர் கண்ணும் பெட்டியின்மேல் சந்தித்தன. அவள் பெட்டியைத் தன்பக்கம் ஓரங்குலம் இழுத்தாள். அவன் மறுமுனையில் விரல் வைத்தான். அவள் இரண்டங்குலம் இழுத்தாள். பொம்மைத் துப்பாக்கியும் பிளாஸ்டிக் வாளும் தொங்கும் அப்போர்க்களத்தில், தன் ஒரு வாரத்து அலைச்சலையும் மனைவியின் ஒரு மாதத்து விழிப்பையும் ஒருங்கே திரட்டி, பூபதி கடை அதிர முழங்கினான்.

“பிரசவத்துக்குங்க!”

கடை அடங்கியது. சாவி கொடுத்த குரங்கு ஒன்று மட்டும் ஒரு மூலையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. அமுதவல்லி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“உங்களுக்கா?”

“ஊட்டுக்காரிக்குங்க. ஒம்பதாம் மாசம். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இது ஊடு போய்ச் சேரலீன்னா அவளுக்குத் தண்ணியில பெத்துக்கற குடுப்பினை இல்லீங்க.”

அமுதவல்லி, ஆயிரம் யானை கொன்றவர்களுக்கும் வாய்க்காத பெருந்தன்மையோடு, பெட்டியை அவன்பக்கம் தள்ளினாள். “எடுத்துக்கங்க. நாய்க்கு ஹோஸ் புடிச்சுக்கறேன். நல்லபடியாப் பொறக்கட்டும்” என்றாள். விலை மூவாயிரத்துக்கு உள்ளேதான். கால்பம்பு இலவசம்.

இவ்விடத்தில் கேட்போர் கவனிக்கவேண்டும், ஏனெனில் பெருவீரர்கள் எல்லாரும் வென்றபின்தான் சறுக்குகிறார்கள். இதுகாறும் அந்த வீட்டில் அப்பொருளை எல்லாரும் டப்பு என்றே சொல்லி வந்தார்கள். டாக்டரம்மாவும் டப்பு, மஞ்சுளாவும் டப்பு, மாமியார் சௌந்திரமும் டப்புதான். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் வெற்றிக்களிப்பு தலைக்கேறிய பூபதி, கடைவாசலிலேயே நின்று மாமியாருக்குப் போன் போட்டு, நாம் இங்கே பாடிக்கொண்டிருக்கும் நடையிலேயே நாலு வார்த்தை பேசிவிட ஆசைப்பட்டு, “அத்தை! தொட்டி கெடச்சிருச்சுங்க! வாங்கிட்டு வாரேன்!” என்று கூவிவிட்டு வைத்துவிட்டான். நம் பக்கத்தில் தொட்டிலுக்கும் பேச்சுவழக்கில் தொட்டி என்றுதான் பெயர். பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருவதைப்போல் ஆகாத காரியம் வேறில்லை.

ஐந்தேகால் மணிக்கு அவன் பெட்டியோடு வந்து இறங்கியபோது, இரும்புக் கேட்டு உள்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டுக்கு உள்பக்கம் சௌந்திரம் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தறிகள் ஓய்ந்திருக்க, சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல வழியின்றித் தெரு முழுவதும் அமைதியாய்க் கேட்டுக்கொண்டிருந்தது. கொண்டையை இறுக்கி முடிந்து, முந்தானையை இடுப்பில் வரிந்து, இருகை விரித்துக் கேட்டை மறித்த அந்த அறுபது வயதுப் பெருங்கோட்டையின் முன்னர், அளவுநாடா ஏந்திய நம் அண்ணல் கோழிக்குஞ்சுபோல் நின்றான். போதாக்குறைக்கு, பெட்டியின்மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை படமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் கோட்டை இன்னும் இரண்டடி உயர்ந்தது.

“மாப்ளே, அத அப்புடியே திருப்பிக் கொண்டுபோயிருங்க. இந்தக் கேட்ட தாண்டி உள்ள வரக்கூடாது.”

“அத்தை, மணி ஆகுதுங்க! மஞ்சுளா வந்துருவாங்க! பாத்துட்டுப் பேசுங்க!”

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? படத்துலயே தெரியுதே! படிச்சவருங்க நீங்க, பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டி வாங்கலாமுங்களா?”

“பொறக்கறதுக்கு முன்னாடி வாங்காம பொறந்தப்பறமா வாங்கறது?” என்று தன் பங்குக்குக் குரல் உயர்த்தினான் பூபதி. எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன.

அப்போது சௌந்திரத்தின் குரல் தாழ்ந்தது. கேட்டுக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கிருத்திகாவுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு சாமி. அவங்கப்பா ஆசை தாங்காம எட்டாம் மாசமே தேக்குல தொட்டி செஞ்சு கொண்டாந்து மாட்டிப்புட்டாரு. மூணு மாசம் வெறுந்தொட்டியவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எம்புள்ளைக்கு அப்புடி ஆகவேண்டாம். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், அத உள்ள கொண்டாராதீங்க.”

நம் காவிய வாய் இங்கே ஒருகணம் மூடிக்கொள்கிறது. இப்படி ஒன்று நடந்தது பூபதிக்குத் தெரியாது. கூடத்துக் கதவருகே வந்து நின்ற கிருத்திகாவுக்கும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பூபதி பெட்டியை மண்ணில் வைத்தான்.

“அத்தை” என்றான் பிறகு. “இது புள்ளை படுக்கற தொட்டி இல்லீங்க. கிருத்திகா உக்கார்ற டப்புங்க. டப்பத்தான் தமிழ்ல தொட்டின்னு சொல்லிப்புட்டேன்.”

சௌந்திரம் அவனையே பார்த்தாள்.

“டப்பா?”

“டப்புங்க.”

“அப்ப டப்புன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்க? மத்தியானத்துல இருந்து ஒடம்பெல்லாம் நடுங்கிக் கெடக்கறேன்!” கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள், சாவியை எடுத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எதிர்வீட்டு மாடியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டு திறந்தது. ஆனாலும் அந்த வெள்ளைக்காரக் குழந்தை படம் போட்ட அட்டையை மட்டும் தானே கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளையை உள்ளே விட்டாள்.

மணி ஐந்தே முக்கால்! கூடத்தின் நடுவே நீலப்பூதம் சுருண்டு கிடக்க, கால்பம்பின்மேல் ஏறி நின்று பூபதி ஆடிய ஆட்டத்தை எந்த அரங்கும் கண்டதில்லை. வலக்கால் ஓய்ந்ததும் மெஜந்தாக் கால், மெஜந்தாக் கால் ஓய்ந்ததும் வலக்கால், இரண்டும் ஓய்ந்தபோது மாமியார் கால். “தள்ளுங்க மாப்ளே, எத்தனை தறி மிதிச்ச காலு!” என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சௌந்திரம் மிதித்த மிதியில், வாத்துகள் ஒவ்வொன்றாய்த் தலைதூக்கின. மூன்றாம் வளையம் முழுதாய் நிமிர்ந்ததும் வெளியே ஸ்கூட்டி நின்றது.

மஞ்சுளா வந்தாள். விரலால் குத்தினாள். முழங்கையால் அழுத்தினாள். முகர்ந்து பார்த்தாள். பூபதியின் இடதுகாலை நெடுநேரம் உற்றுப் பார்த்து, “அதென்ன, தோல் வியாதிங்களா?” என்றாள். இல்லை என்று மூவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். பிறகு தொட்டியைக் கழுவி, வெந்நீரும் தண்ணீருமாய்க் கலந்து பாதிக்குமேல் நிரப்பி, கிருத்திகாவை மெல்ல உள்ளே இறங்கச் சொன்னாள். கிருத்திகா ஒரு கை அம்மாவிடமும் ஒரு கை புருஷனிடமும் கொடுத்து இறங்கினாள். முழங்காலிட்டாள். ஓரத்தின்மேல் இரு கையும் போட்டு, கன்னத்தை ஒரு வாத்தின்மேல் சாய்த்தாள். ஒரு நிமிடம் கழித்துச் சின்னதாய் ஒரு குறட்டை கேட்டது.

“இதுவே போதும்” என்றாள் மஞ்சுளா.

பத்து நாள் கழித்து, நள்ளிரவில் தொடங்கிய வலி கிழக்கு வெளுக்கும் வேளையில் முற்றியது. கார் வாசலில் வந்து நின்றது, டாக்டரம்மா போனில் இருந்தார், மஞ்சுளா கைகழுவிக் காத்திருந்தாள், சௌந்திரம் அண்டா அண்டாவாய் வெந்நீர் சுமந்தாள். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாய் ஓடத் தொடங்கி, பின் ஒருமிக்க முழங்கி, அம்முழக்கத்துக்கு மேலே கிருத்திகாவின் குரல் எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுந்து, பூபதியின் மணிக்கட்டில் அவள் நகங்கள் பதிந்து, “அவ்வளவுதான் கண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று மஞ்சுளா சொல்லச் சொல்ல, காலை எட்டரைக்கு வெதுவெதுப்பான நீரிலிருந்து ஒரு பெண்குழந்தை மேலே வந்து, அம்மாவின் மார்பில் கவிழ்ந்து, சுருங்கிய முகத்தை இன்னும் சுருக்கி வீல் என்று கத்தியது. சௌந்திரம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து விட்டாள். பூபதி வாய்விட்டே அழுதான்.

அப்பொழுது, எண்டிசையும் சென்று, எதிர்ப்பட்டோரையெல்லாம் வென்று, சொன்ன சொல்லைச் சொன்னபடி முடித்து, தான் கொணர்ந்த தொட்டியின் ஓரத்தைப் பற்றியபடி கண்ணீர் மல்கி நின்ற நம் பெருந்தகை, இப்பெருவெற்றியை எச்சொல்லால் தொடங்கி எச்சொல்லால் முடிப்பது, வரப்போகும் தலைமுறைகள் கேட்டு மெய்சிலிர்க்க எவ்வாறு எடுத்துரைப்பது என்று நெஞ்சு விம்மி, தொண்டையைச் செருமி, வலக்கையை உயர்த்தி, திருவாய் மலர்ந்தருளத் தொடங்கிய அளவில், குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கிருத்திகா அவனை ஏறிட்டுப் பார்த்து, “ஏனுங்க, தண்ணி ஆறுது, துண்டு எடுத்துட்டு வாங்க” என்றாள்.

பூபதி துண்டு எடுக்கப் போனான்.